கழுத்தளவுத் தண்ணீர்

பஞ்சாட்சரம் வம்சத்தில் யாருக்குத் தாழம்பூ வாசனை பட்டாலும் உடம்பு கழுத்து வரை நனைந்துவிடும். உத்திரமேரூர்ப் பக்கத்தில் இதை யாரும் அதிசயமாகப் பேசுவதில்லை. சிலருக்குக் கத்திரிக்காய் ஒத்துக்கொள்ளாது, அந்த வீட்டுக்குத் தாழம்பூ ஒத்துக்கொள்ளாது என்பார்கள், அவ்வளவுதான். காரணமும் ஊருக்குத் தெரியும். ஓர் ஐப்பசியில் சித்தேரிக் கரை உடைந்தபோது, வயலில் நின்றிருந்த பஞ்சாட்சரம் பூத்திருந்த தாழம்புதர் ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, முள் கிழிக்கக் கிழிக்க, தாடையைத் தொடும் வெள்ளத்தில் நின்றார். தண்ணீர் வடிந்தது, அவர் பிழைத்தார், கரையைக் கட்டினார்கள், அந்த வருஷத்துச் சம்பா மட்டும் போயிற்று. ஆனால் அதற்கப்புறம் அவருக்குப் பிறந்த பிள்ளைகள், அந்த வெள்ளத்தைப் பார்த்தே இராதவர்கள், தாழம்பூ வாசனை வந்ததும் அதே உயரத்துக்கு நனைந்தார்கள். சட்டை உடம்போடு ஒட்டும், வேட்டி நுனி மிதக்கும், நிற்கிற தரை மட்டும் காய்ந்தே கிடக்கும்.

உயரம்தான் சிக்கல். ஆளுக்குத் தகுந்தாற்போல் அந்தத் தண்ணீர் ஏறி இறங்காது; தரையிலிருந்து பஞ்சாட்சரத்தின் தாடை எவ்வளவோ, அவ்வளவு. பெரியவர்களுக்கு அது வெறும் பேஜார். குழந்தைகளுக்குத் தலைக்கு மேல். பஞ்சாட்சரத்தின் மகள் ராணி ஒரு கல்யாணப் பந்தலில், கையில் பாதி ஜாங்கிரியோடு, அத்தனை சனத்துக்கு நடுவே மூழ்கிச் செத்தாள். வலிப்பு என்று எழுதிக்கொண்டார்கள். பக்கத்தில் நின்ற அவளுடைய அண்ணன் பாண்டியன், மூக்கு மட்டும் வெளியே இருக்க, நுனிக்காலில் நின்று பிழைத்தான். தங்கச்சியின் கை கடைசிவரை அவன் டிராயரைப் பிடித்திருந்தது.

அந்தப் பாண்டியன் வளர்ந்து செய்த முதல் வேலை, ஏரிக்கரையில் இருந்த தாழம்புதர் அத்தனையையும் வெட்டிக் கொளுத்தியது. கேட்டவர்களிடம், சிவனுக்கே ஆகாத பூ நமக்கு எதற்கு என்றார். வீட்டில் அறைக்கு ஒரு பரண், பரணுக்கு ஓர் ஏணி. அதோடு நிற்கவில்லை. இந்த ஜில்லாவில் தாழம்பூ குங்குமம் இல்லாத தாம்பூலப் பை கிடையாது என்பதால், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்கள் பையையெல்லாம் மோந்து பார்த்து அனுப்பினார். போலீஸ் நாய் என்று சொந்தக்காரர்கள் சொன்னது காதில் விழுந்தபோது, அதுக்குச் சம்பளமாவது தருவாங்க என்று மட்டும் சொன்னார்.

அவருடைய மகன் மோகனுக்குப் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. தன் ரத்தத்தையே பலமுறை சோதித்துப் பார்த்துவிட்டான், எல்லாம் நார்மல். ராஜகுளத்துக் கீதாவைக் கட்டிக்கொண்டபோது, ரிசப்ஷன் மேடையில் கோட்டு சூட்டோடு கழுத்துவரை சொட்டச் சொட்ட நின்றவனைப் பார்த்து, மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் வேர்க்கிற உடம்பு என்று பெண் வீட்டார் நினைத்தார்கள். மோகனும் அப்படித்தான் சொல்லிவைத்திருந்தான். ஆல்பத்தில் அவன் அன்றைக்குத்தான் கிணற்றிலிருந்து தூக்கப்பட்டவன் மாதிரி சிரிக்கிறான். உண்மையை அவன் கீதாவிடம் சொன்னது மகள் இளமதி பிறந்த பிறகு. சொன்ன நாளிலிருந்து அவனுடைய வேடிக்கைப் பேச்சுக்கு அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். குழந்தைக்கும் அது வந்திருக்கிறதா என்பது ஒன்றுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழி, பூவை மோக்க விடுவது.

காஞ்சிபுரத்தில் டாக்டர் ஸ்ரீரஞ்சனி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். ஜீனில் எழுத்து எதுவும் மாறவில்லை என்றார். ஃப்ரிட்ஜ் சுவிட்சை யாரும் தெரியாமல் அணைத்துவிடக்கூடாதென்று அதன்மேல் டேப் ஒட்டிவைப்போமே, அதுபோல உங்கள் தாத்தாவின் பயம் ஒரு சுவிட்சின் மேல் டேப் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறது. பட்டினி கண்ட வீடுகளில் பேரப்பிள்ளைக்குச் சர்க்கரை வருவதில்கூட இந்தக் கணக்கு கொஞ்சம் இருக்கலாம். ஒரு வாசனையோடு ஒட்டிய பயம் பேரன்வரை போவதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள். மனிதரில் இவ்வளவு ஈரமாக வந்தவர் நீங்கள்தான் என்றார். பிய்க்க முடியுமா என்று கீதா கேட்டாள். முடியலாம், ஆனால் ஓட ஓட அது இறுகும் என்றார் டாக்டர். அதே வாசனையைக் கொஞ்சம் கொஞ்சமாக, பயமில்லாத இடத்தில், திரும்பத் திரும்பக் காட்டவேண்டும். முதலில் அப்பாவுக்கு, பிறகு குழந்தைக்கு.

மோகன் கொல்லையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒரு சிட்டிகை தாழம்பூ குங்குமத்தை மடியில் வைத்துக்கொண்டு, சூடாக மிளகாய் பஜ்ஜி தின்றான். மாலைதோறும் இதுதான். பஜ்ஜி முதலில் நமுத்துப்போயிற்று. இரண்டு மாதத்தில் தண்ணீர் மார்புக்கு இறங்கியது, பொங்கலுக்கு இடுப்பு, மாசியில் முழங்கால். எடை மட்டும் ஏறிற்று. பாண்டியன் ஆரம்ப நாளிலேயே மகனோடு பேச்சை நிறுத்தி, சாப்பாட்டைப் பரணுக்கே வரவழைத்துக்கொண்டார். வாசல் காவலுக்கு மட்டும் இறங்குவார். சித்திரையில் இளமதிக்குத் தொடங்கலாம், இடுப்பில் வைத்துக்கொண்டு, தலை தண்ணீர் மட்டத்துக்கு மேலேயே இருக்கும்படி, என்று மோகனும் கீதாவும் முடிவு செய்தார்கள். அப்போது அவளுக்கு மூன்று வயது முடிந்திருந்தது.

பங்குனியில் பாண்டியனுக்குச் சளி பிடித்து மூக்கு அடைத்துக்கொண்டது. வளைகாப்புக்கு அழைக்க வந்த அடுத்த தெரு திலகாவின் குங்குமச் சிமிழை அவர் வழக்கம்போல் வாங்கி மோந்து, வழக்கம்போல் தலையாட்டி உள்ளே விட்டார். திலகா முறைப்படி கீதாவின் நெற்றியில் வைத்தாள், குனிந்து இளமதிக்கும் ஒன்று வைத்தாள்.

குழந்தையின் தலைமுடி மெதுவாக மேலே எழுந்து விரிந்தது. கவுன் குடைபோல் உப்பியது. வாயிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் கிளம்பி, பெரியவர்களின் கழுத்து மட்டத்துக்கு வந்து உடைந்தன. டி.வி. முன்னால் இருந்த மோகன் எழுந்து நின்றான். வாசலிலிருந்து ஓடிவந்த பாண்டியன், ஓடிய வேகத்தில் மூக்கடைப்பு விட்டு, தானும் கழுத்துவரை நனைந்து, பழைய நுனிக்காலில் நின்றுகொண்டு கத்தினார்.

"டேய் மோகனா, இன்னா பாத்துக்கினு கீற? பரண்ல ஏத்துடா புள்ளய."

மோகனின் கையும் அதற்குத்தான் நீண்டது. அப்போது குழந்தையின் கண்ணைப் பார்த்தான். அது அவனைப் பார்க்கவில்லை. கத்துகிற தாத்தாவின் முகத்தைப் பார்த்து, அதில் இருந்ததைக் கற்றுக்கொண்டிருந்தது. முழங்கால்வரை நனைந்தபடி மோகன் நடுவில் போய் மறைத்து நின்றான்.

"நைனா, நீ கத்தாத. நீ கத்துனா அவ பயப்படுவா. பயந்தாதான் முழுவுவா."

அவன் அவளைத் தூக்கினான். ஆனால் தண்ணீரை விட்டுத் தூக்கவில்லை. கிணற்றில் நீச்சல் பழக்குகிறவர்கள் செய்வதுபோல வயிற்றுக்கு அடியில் இரண்டு உள்ளங்கையையும் கொடுத்து, முகம் வெளியே வரும் மட்டத்துக்கு உயர்த்தி, அங்கேயே நிறுத்தினான். குழந்தை இருமியது, மூக்கால் தண்ணீர் விட்டது. அவன் தன் முகத்தை, ரிசப்ஷன் மேடையில் நின்றதுபோலவே, சிரிப்பில் வைத்திருந்தான்.

"ஒண்ணும் இல்லடி கண்ணு. நம்ம வூட்டுத் தண்ணிதான். கால ஒதறு."

இளமதி உதறினாள். இன்னொரு தரம் உதறினாள். மோகன் உள்ளங்கையை ஒரு விரல்கடை இறக்கிப் பார்த்தான், பிறகு எடுத்தே விட்டான். அவள் விழவில்லை. கூடத்தின் குறுக்கே, டி.வி.யைத் தாண்டி, திலகாவின் தோள் உயரத்தில் தவளைபோல நீந்திப்போய், பாண்டியனின் காதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் நுனிக்காலிலிருந்து குதிகாலுக்கு இறங்கினார். ராணி போனதிலிருந்து அந்த வாசனையில் அவர் அப்படி முழுப் பாதம் ஊன்றி நின்றதில்லை. திலகா சிமிழை மூடிக்கொண்டு, ஞாயித்துக்கிழமை கண்டிப்பா எல்லாரும் வந்துடணும் என்று அழைப்பை முடித்துக்கொண்டு கிளம்பினாள்.

இளமதிக்குத் தண்ணீர் இறங்கவே இல்லை. டேப் அங்கேயேதான் இருக்கிறது, அதன் கீழே எரிவது பயமில்லை, வேறு விளக்கு என்று டாக்டர் ஸ்ரீரஞ்சனி சொல்லிவிட்டார். பாண்டியன் அந்த ஆடியில் சித்தேரிக் கரையில் இரண்டு தாழங்கன்று நட்டார். கோடையில் தெருப்பிள்ளைகள் தாங்களே குங்குமம் வாங்கிவந்து அவளுக்கு வைத்துவிட்டு, சொட்டுகிற தண்ணீரில் நிற்கிறார்கள். கீதா இப்போது துணி காயப்போடும் கயிற்றை இரண்டு முழம் உயர்த்திக் கட்டுகிறாள். தாழ்வாக இருந்தால் குழந்தையின் கழுத்தில் மாட்டிக்கொள்கிறது.