பதினொன்றாம் எண் சுருட்டு

எங்கள் கம்பெனியின் உயர்ரகச் சுருட்டுக்கு நான் பிடித்துப் பார்த்து மதிப்பெண் போட வேண்டும். அப்புறம்தான் அது பெட்டிக்குள் போகும். யார் சுருட்டியது என்று எனக்குத் தெரியக் கூடாது என்பதால் எண் மட்டும் ஒட்டியிருப்பார்கள். அன்றைக்குப் பதினொன்றாம் எண். காலையிலிருந்து தண்ணீர் தவிர எதையும் வாயில் வைக்காமல் முதலாளிக்கு எதிரே உட்கார்ந்தேன். அவர் கையிலும் அதே எண்ணில் ஒன்று.

பார்வைக்கு ஒரு குறை சொல்ல முடியாது. மேல் இலையில் ஒரு சுருக்கம் இல்லை. நுனியை வெட்டி வாயில் வைத்தேன். பற்ற வைக்கும் முன்பே உதட்டில் சுருக்கென்றது. கிராம்புத் தைலம்!

என் தங்கை புருஷன் ஒரு வாரமாகச் சொத்தைப் பல்லில் கிராம்புத் தைலப் பஞ்சை அடக்கிக்கொண்டு வீட்டையே நாறடிக்கிறார். கெஞ்சிக் கூத்தாடி அவரை இங்கே சேர்த்துவிட்டவன் நான். மேல் இலையின் நுனியைக் கோந்து தடவி ஒட்ட வேண்டும். அது காயும்வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். அதற்குப் பொறுமையில்லாமல் இந்த மகானுபாவர் நக்கி ஒட்டியிருக்கிறார். அவருடைய எச்சில் இப்போது என் நாக்கில்.

எச்சில் பட்டது தெரிந்தால் அன்றைக்கே வேலை காலி. இந்த வருஷத்தில் அவருக்கு இது மூன்றாவது வேலை. "இதுவாவது நிலைக்கணும்ண்ணே" என்று தங்கை நேற்றுகூடக் கண் கலங்கினாள்.

முதலாளி கண்ணை மூடிப் புகையை வாய் நிறைய நிறுத்தி மெதுவாக விட்டார். உதட்டை வேறு சப்புக்கொட்டினார்.

"அடடா! நாக்குல லேசா ஒரு காரம் நிக்குது பாருங்க. உங்களுக்குத் தெரியுதா?"

"நல்லாவே தெரியுதுங்க."

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். தங்கை முகம் வந்து நின்றது. பத்துக்கு ஒன்பது போட்டேன். இருபது வருஷத்தில் நான் எழுதிய முதல் பொய் மதிப்பெண். சுருட்டைவிட என் கை எனக்கு அசிங்கமாகத் தெரிந்தது.

முதலாளி மேஸ்திரியைக் கூப்பிட்டு எண்ணுக்குரியவர் யாரென்று விசாரித்தார். பதிலைக் கேட்டதும் என் பக்கம் திரும்பினார்.

"உங்க மாப்பிள்ளையா! கெட்டிக்காரர்தான். இனிமே உயர்ரகம் மொத்தமும் அவர் கையாலதான். ஆனா இந்த ருசி கொஞ்சம்கூட மாறக் கூடாது. தினமும் அவர் சுருட்டுறதுல மூணு எடுத்து நீங்களே பிடிச்சுப் பார்த்துடுங்க. உங்க நாக்கை விட்டா வேற யாரை நம்புறது?"

"சரிங்க" என்றேன்.

"இன்னிக்கே ஆரம்பிச்சுடலாமே" என்று பதினொன்றாம் எண்ணில் இன்னும் இரண்டை என் பக்கம் தள்ளினார்.

வெட்டி, வாயில் வைத்தேன்.