திரு. சோலையப்பன் அவர்கள்

கௌஸ் முகைதீன் பாய் டவுனிலிருந்து வாங்கிவந்த வாரப் பத்திரிகையில் நாற்பத்தொன்றாம் பக்கம் இல்லை. நடிகை படம் கொஞ்சம் அப்படி இப்படி இருந்தால், கடைக்கு வருமுன்பே சென்சார்காரர்கள் அந்தத் தாளைக் கிழித்துவிடுவார்கள். அபுதாபியில் எங்கள் முசஃபா தொழிலாளர் கேம்பில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. அன்று வெல்டர் சோலையப்பனின் முகம் செத்துப்போயிற்று. அவருடைய வாசகர் கடிதம் அந்தப் பக்கத்தில் வந்திருப்பதாக மனைவி மாரியம்மாள் ஊரிலிருந்து எழுதியிருந்தாள். பத்திரிகையைத் தபால் முந்திவிட்டது.

"வெல்டர் எழுதுறதையெல்லாம் அச்சுல போட அவங்களுக்கு வேற வேலை இல்லையா?" என்றார் பாய். ரூமே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். இன்றும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அப்போது ஓடிய தொடர்கதையில் துபாயிலிருந்து ஊர் திரும்பிய கதாநாயகன், கூலிங்கிளாஸோடு ஏழு வாரமாகப் பெட்டியைத் திறந்து சாமான் கொடுத்துக்கொண்டிருந்தான். அவன் அங்கே என்ன வேலை பார்த்தான் என்று ஒரு வரியும் இல்லை. நாங்கள் எல்லோரும்தான் படித்தோம். ஏன் என்று கேட்டு எழுதத் தோன்றியது சோலையப்பனுக்கு மட்டும். அதை எழுத அவருக்கு நான்கு வெள்ளிக்கிழமை லீவு பிடித்தது.

"அண்ணிகிட்ட அந்தப் பக்கத்தை வெட்டி அனுப்பச் சொல்லுங்கண்ணே," என்றேன்.

"நம்பாதவங்களுக்கு எதுக்குத் தம்பி சாட்சி?" என்று டியூட்டிக்குக் கிளம்பிவிட்டார்.

அடுத்த மூன்றாவது வெள்ளிக்கிழமை, பாய் கேரம் ஆடிக்கொண்டிருந்தார். பத்திரிகையைப் புரட்டிய நான் நிமிர்ந்து உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். 'அபுதாபி முசஃபாவிலிருந்து எழுதிய திரு. சோலையப்பன் அவர்களின் கருத்தை அடியோடு மறுக்கிறேன். வேலையின் அலுப்பை மறக்கத்தான் கதை படிக்கிறோம். அதிலும் வேலையே நடந்தால் யார் படிப்பார்கள்?' கும்பகோணத்து ஆசிரியை ஒருவர் நான்கு பத்தி சண்டை போட்டிருந்தார்.

கேம்பில் சூப்பர்வைசர் முதல் சமையல்காரர் வரை சோலையப்பனை 'ஏ வெல்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"'அவர்கள்'னு போட்டிருக்கா?" என்றார் பாய்.

"திருவும் போட்டிருக்கு." என் பெயரே வந்திருந்தாலும் அவ்வளவு பெருமையாக இருந்திருக்காது.

சோலையப்பன் வாங்கி இரண்டு முறை படித்தார். "அந்தம்மா சொல்றதுலயும் ஞாயம் இருக்கு. ஆனா விட்டுறக் கூடாது. பேப்பர் இருக்கா தம்பி?"

ரூமில் மேசை ஏது. பாய் ஜெயிக்க இன்னும் ஒரே காய்தான் பாக்கி. பலகையிலிருந்த காய்களையெல்லாம் லுங்கி மடியில் வழித்துப் போட்டுக்கொண்டார். பவுடரைத் துண்டால் துடைத்து, பலகையைச் சோலையப்பன் முன்னால் நகர்த்தினார்.

"எழுதுங்க," என்றார். காய்கள் சத்தம் போடாதபடி மடியைக் கையால் பொத்திக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.