பதிமூன்றாம் செவ்வாய்

“சாபம் என்ற ஒன்று இவ்வுலகில் இல்லை. இருந்திருந்தால் வெள்ளைக்காரன் இருநூறு வருஷம் இங்கே இருந்திருக்க மாட்டான்.”

அம்மாவின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டே கில்பர்ட் இதை அறிவித்தான். மதுரையில் பி.ஏ. மூன்றாம் வருஷம். கடவுள் இல்லை என்ற செய்தியைக் காரங்காட்டுக்கு முதலில் கொண்டுவந்தவன் அவன்தான். திருவாடானை வரை பஸ்ஸிலும், மிச்சம் நடந்தும். ஊர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டது. பிறகு பூசைக்குப் போய்விட்டது.

சுற்றியிருந்த பெண்கள் அவனைப் பார்க்கவில்லை. கட்டிய கால்களைப் பார்த்தார்கள். விரல் நுனியிலிருந்து முழங்கால் வரை கரிக்கட்டையாகக் கறுத்திருந்தன.

“சர்க்கரை வியாதி. டாக்டர் எழுதியே குடுத்திருக்காரு.”

“சரியா திரி ஏத்த ஆரம்பிச்ச பொறகுதான் வந்துச்சாக்கும்,” என்றாள் அக்கா ஜோதிமேரி. மடியில் எட்டு மாதப் பிள்ளை தூங்கியது.

அண்ணன் சகாயம் கடலில் போய் மூன்று மாதம். காற்றும் மழையுமான ஒரு நாள் வள்ளத்திலிருந்து விழுந்தவன், கயிற்றைப் பிடித்துத் தொங்கினான். வள்ளம் அவன் பக்கம் சாய்ந்தது. வள்ளத்துக்குச் சொந்தக்காரரான வேதநாயகம் சம்மாட்டி கயிற்றை அறுத்துவிட்டார். உடல் கரைக்கு வரவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை அம்மா கடற்கரையில் சின்னக் கோயிலாக நிற்கும் அந்தோணியார் குருசடிக்குப் போனாள். மெழுகுவர்த்தியின் அடியைச் சுரண்டித் திரியை வெளியே எடுத்து, தலைகீழாக நட்டு, வேதநாயகத்தின் பேரைச் சொல்லி ஏற்றினாள். இப்படிப் பதிமூன்று செவ்வாய். பதிமூன்றாவது ஏறும்வரை நெருப்பு ஏற்றியவர் வீட்டிலேயே இருக்கும். ஏறியதும் பேருக்குரியவனிடம் போய்க் காலிலிருந்து எரிக்கும். பாதியில் விட்டால் அந்த வீட்டிலேயே ஒவ்வொருவராகப் பதம் பார்க்கும். பங்குச் சாமியார் பிரசங்கத்தில் இதை வன்மையாகக் கண்டித்தார். முறை தெரியாமல் இருந்தவர்களும் அன்றுதான் தெரிந்துகொண்டார்கள்.

அம்மா பன்னிரண்டு ஏற்றியிருந்தாள். இன்று விடிகாலையில் கில்பர்ட்டின் கையைப் பிடித்தாள்.

“ஏலே, இன்னைக்கு ஒன்னுதான் பாக்கி. நீ ஏத்திரு.”

“மெழுகுதிரியைக் கவுத்தா மெழுகுதாம்மா ஒழுகும்.”

அவள் சிரிக்கவில்லை. அதற்கு நேரம் இருக்கவில்லை.

மூன்று மணிக்குக் கோயிலிலிருந்து தூம்பா வந்தது. ஊருக்கெல்லாம் அந்த ஒரே பெட்டிதான். குழியில் உடலை இறக்கிவிட்டுத் திரும்பக் கொண்டுபோய் வைப்பார்கள். தோள் கொடுக்க கில்பர்ட்டோடு மூன்று பேர் இருந்தார்கள். நாலாவதாக வேதநாயகம் வந்து கால்மாட்டில் குனிந்தார். யாரும் தடுக்கவில்லை. அவரும் கில்பர்ட்டும் ஒரே உயரம். பெட்டி ஆடாமல் போனது.

திரும்பி வந்தபோது அக்கா வாசலிலேயே நின்றாள்.

“ஏலே, பிள்ளை காலைத் தொட்டுப் பாரு.”

நெற்றி சில்லென்று இருந்தது. பாதம் கொதித்தது.

“வெயில்ல போட்டிருப்ப.”

“வீட்டுக்குள்ளதாம்லே கெடந்தான்.”

“டாக்டர்ட்ட காட்டுவோம்.”

“யாரு, அம்மாவைப் பாத்தாரே, அவருட்டயா?”

பெருவிரல் நகத்தின் அடியில் மை தொட்டாற்போல ஒரு கறுப்பு. கில்பர்ட் கட்டைவிரலால் தேய்த்தான். எச்சில் தொட்டுத் தேய்த்தான். பிறகு காலைத் துணியால் மூடிவிட்டு, காற்றாடிவிட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பினான்.

குருசடிப் படியில் வேதநாயகம் உட்கார்ந்திருந்தார்.

“வருவேன்னு தெரியும் தம்பி.”

“நான் சும்மா காத்தாட வந்தேன்.”

“சரி.” மடியிலிருந்து ஒரு மெழுகுவர்த்தியை எடுத்தார். “வள்ளத்துல என்னோட நாலு பேரு. அறுக்காட்டி எல்லாருமே போயிருப்போம். அறுத்தது நாந்தான். அறுத்து முடிக்கிறவரைக்கும் என்னயவேதான் பாத்துக்கிட்டிருந்தான்.”

“இதெல்லாம் மூடநம்பிக்கை,” என்றான் கில்பர்ட். மேடையில் வருகிற குரல் வரவில்லை.

“இருந்துட்டுப் போகட்டும். பிள்ளைக்குக் காலு சுடுதாமே?”

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கில்பர்ட் மெழுகுவர்த்தியை வாங்கினான். பேனாக்கத்தியால் அடியைச் சுரண்டினான். பழக்கமில்லாததால் விரலில் கீறியது. திரி தெரிந்ததும் தலைகீழாக மணலில் நட்டான்.

“பேரைச் சொல்லணும்,” என்றார் அவர்.

“உங்க அய்யா பேரு?”

“மிக்கேலு.”

கில்பர்ட் இரண்டையும் சேர்த்துச் சொன்னான். முதல் தீக்குச்சி அணைந்தது. இரண்டாவதில் திரி பற்றியது. கடற்காற்றில் சுடர் படுத்தது. வேதநாயகம் எழுந்து, தோள் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு காற்றுக்கு எதிரே வந்து நின்றார்.

“இன்னுங் கொஞ்சம் இங்கன தள்ளி நில்லுங்க மாமா,” என்றான் கில்பர்ட்.

அவர் தள்ளி நின்றார்.