கொடியிலிருந்து சுவர் வரை

சுவர் இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர்தான் இருந்தது. நான்கு கை போட்டு, கவிழ்ந்து, குட்டிக்கரணம் அடித்து உதைத்தாள். பாதத்தில் எதுவும் தட்டுப்படவில்லை. மூக்கில் தண்ணீர் ஏறி, கவிழ்த்துப் போட்ட கரப்பான்பூச்சி மாதிரி கையைக் காலை ஆட்டிக்கொண்டு மேலே வந்தாள்.

மல்லாந்து நீந்துகிறவருக்குச் சுவர் தெரியாது. அதற்காகத்தான் சுவருக்கு ஐந்து மீட்டர் முன்னால் குளத்தின் குறுக்கே கொடிக்கயிறு கட்டியிருப்பார்கள். கொடி கண்ணில் பட்டதும் கையை எண்ண வேண்டும். ஆளுக்கு ஒரு கணக்கு. அவளுடையது நாலு. பள்ளியில் கடைசி வருடத்திலிருந்து நாலு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நாலு.

"கொடியை யாரோ தள்ளிக் கட்டியிருக்காங்க மேடம்," என்றாள்.

பயிற்சியாளர் அம்மாள் அவளோடு வாதாடவில்லை. குளத்தைப் பராமரிப்பவரை டேப்பு கொண்டு வரச் சொன்னார். அவர் கரையில் குந்தி உட்கார்ந்து அளந்தார்.

"அஞ்சு மீட்டர். நூல் பிசகல. வேணும்னா செவுத்தை இடிச்சுட்டு முன்னாடி தள்ளிக் கட்டித் தரட்டா?"

அடுத்த தடத்தில் மிதந்துகொண்டிருந்த கல்லூரி முதலாண்டுப் பெண் சிரித்தாள். அவளை எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். இவளுக்குப் படகு என்று பெயர், மல்லாந்தபடியே கிடப்பதால்.

நான்கு மாதத்துக்கு முன்னால் படகுக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. காய்ச்சல் என்று இரண்டு வாரம் மாத்திரை போட்டுச் சமாளித்துப் பார்த்து, மூச்சு விட முடியாமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். இடது விலாவைத் துளைத்துக் குழாய் போட்டு நீரை எடுத்தார்கள். "வெளிய கிடக்கற தண்ணி பத்தலைன்னு உள்ளயும் ரொப்பிக்கிட்டியா?" என்று அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கேட்டார். கேட்டுவிட்டு வராந்தாவுக்குப் போய் அழுதார். குழாய் போட்ட இடம் ஆறியது. ஆறினதும் உள்ளே இறுகிப் பிடித்துக்கொண்டது. நீந்தலாம் என்று டாக்டர் சொன்னார். கை முழுசாக நீளும் என்று அவர் சொல்லவில்லை.

சனிக்கிழமை அணித் தேர்வு. நால்வர் தொடர் நீச்சலில் முதல் ஆள் மல்லாந்துதான் போக வேண்டும். அந்த ஒரு இடத்துக்கு இரண்டு பேர், படகும் வாலும். வாலுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. படகுக்கு இதுதான் கடைசி. படிப்பு முடிந்தால் வேலை, வேலைக்குப் போகிறவளை எந்தக் குளமும் போட்டிக்குக் கூப்பிடாது.

வீட்டில் அம்மா துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். அப்பா கிடங்கில் மூட்டை தூக்கிவிட்டு வந்து கழுத்தில் ஒட்டின தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு கையையும் தூக்கு," என்றாள் அம்மா.

தூக்கினாள். வலது கை காதைத் தாண்டிப் போனது. இடது கை காதுக்குக் கீழேயே நின்றது.

"இதுக்குப் போய் செவுத்துமேல பழி போட்டியாடீ?"

"இழுத்துப் பிடிச்சா வரும்," என்றார் அப்பா. "வலிச்சா வலிக்கட்டும்."

"ஆமா, நீங்க இழுத்துப் பிடிச்ச லட்சணம் தெரியாதா. முதுகு புடிச்சுக்கிட்டு ரெண்டு வாரம் குப்புறப் படுத்துக் கிடந்தீங்க. நான்தான் ஊட்டிவிட்டேன்."

அப்பா துண்டை உதறிக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

அவள் அப்பா பேச்சைத்தான் கேட்டாள். மறுநாள் ஒவ்வொரு கையையும் முடிந்த மட்டும் எட்டிப் போட்டாள். விலாவில் ஊசியை வைத்துத் தைக்கிற மாதிரி இருந்தது. நாலு வந்தது. ஆனால் சுவரைத் தொடும்போது மூச்சு இல்லை. கரையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் இருமினாள்.

"நாலு என்ன, உங்க பரம்பரைச் சொத்தா?" என்றார் மேடம். "அஞ்சு போடேன்."

"அஞ்சு வாலு போடறது மேடம். நான் சின்னப் புள்ளையில போட்டது."

"வாலு இன்னிக்கு உன்னைவிட முன்னாடி வந்தா. பாத்தியா?"

பார்த்தாள். கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். மறுபடி தள்ளிக்கொண்டு கிளம்பினாள். எட்டிப் போடுவதை விட்டாள். எக்கேடோ கெட்டுப் போ என்று கையை அதன் போக்கில் விட்டாள். குட்டைக் கை சீக்கிரம் உள்ளே போனது, சீக்கிரம் வெளியே வந்தது. கொடி தலைக்கு மேல் போனது. ஐந்தாவது கையில் கவிழ்ந்து உதைத்தாள். பாதம் இரண்டும் சுவரின் ஓட்டில் பட்டன. உதைத்த வேகம் முழங்கால் வரை ஏறியது.

மேடம் நிறுத்துக் கடிகாரத்தைப் பார்த்தார். "உடம்பு கெடறதுக்கு முன்னாடி என்ன டைம் போட்டியோ அதுக்குக் கிட்டத்துல வந்துட்ட. இப்ப போய்ச் சாப்புடு."

சனிக்கிழமை கரையில் கூட்டம் இல்லை. தொடர் அணியின் மற்ற மூன்று பேர், மேடம், விதி பார்க்க ஒருவர். நான்கு நீளம், மூன்று திருப்பம். முதல் இரண்டு திருப்பமும் ஐந்தில் சுத்தமாக விழுந்தன. மூன்றாவது நீளத்தில் நெஞ்சு பொருமத் தொடங்கியது. கை கனத்தது. வாலு ஒரு தலை முன்னால் போய்விட்டாள், அவள் கிளப்பின அலை இவள் முகத்தில் அடித்தது.

கொடி வந்தது. ஐந்து போட்டாள். போட்ட கை பாதிதான் தள்ளியது என்று தோளுக்குத் தெரிந்தது. இங்கே கவிழ்ந்தால் சுவர் எட்டாது. கவிழ்ந்த பிறகு சும்மா மிதந்து போய்ச் சுவரைப் பிடித்தால் ஆட்டம் காலி, விதி பார்ப்பவர் கையைத் தூக்கிவிடுவார். எண்ணிக்கை முடிந்துவிட்டது, சுவர் வரவில்லை. ஆறாவது கையைப் போட்டாள். கவிழ்ந்தாள். ஓடு பாதத்துக்கு அடியில் கெட்டியாக இருந்தது.

கடைசி நீளத்துக்குக் கையை அவள் நம்பவில்லை. காலை நம்பினாள். காலுக்கு எந்த நோவும் வந்ததில்லை. மூட்டைக்காரர் வீட்டுத் தொடை அது. உதைத்தாள். பாதியில் வாலின் தலை இவள் தோளுக்கு நேராக வந்தது. பிறகு காணோம். பின்னால் எட்டின வலது கை சுவரில் அறைந்தது. அதற்கப்புறம்தான் பக்கத்துச் சுவரில் இன்னொரு கை படுகிற சத்தம் கேட்டது.

விதி பார்ப்பவர் கையைத் தூக்கவில்லை. மேடம் படகிடம் குனிந்து, "திங்கக்கிழமை நாலு பேரும் ஒண்ணா வாங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு நிமிர்ந்தார்.

வாலு கயிற்றில் தொங்கிக்கொண்டு மூச்சு வாங்கினாள். "கடைசித் திருப்பத்துல எத்தனை போட்டீங்கக்கா? நான் எண்ணிக்கிட்டே வந்தேன், நீங்க திரும்பவே இல்ல."

படகுக்கு இருமல் வந்தது. அவசரப்படாமல் இருமி முடித்தாள்.

"ஆறு," என்றாள்.

"ஆறா? ஆறு என் தங்கச்சி போடறது, அக்கா. அவ ஏழாவது படிக்கிறா."

"அவளையும் கூட்டிட்டு வா. தோக்கடிச்சு அனுப்பறேன்."