பெண் பார்க்க வந்த தொடர்

எங்கள் ஊரில் கேம் விளையாடும் பெண்களுக்குப் படிப்பு முடிந்ததும் மாப்பிள்ளையாக ஒரு அனிமே தொடர், அதாவது ஜப்பானியக் கார்ட்டூன் தொடர், பார்ப்பார்கள். பொருந்தினால் பெண் அந்தத் தொடருக்குப் போய்விடுவாள்.

பொருத்தம் பார்ப்பவர் தரகர் ஜம்புலிங்கம். தோளில் ஒரு பை, கையில் ஒரு ரிமோட். அவருக்கு ஜாதகம் வேண்டாம். பெண் என்ன கேம் விளையாடுகிறாள் என்று சொன்னால் போதும். புதிர் என்றால் துப்பறியும் தொடர். ராஜ்ஜியம் பிடிக்கிற கேம் என்றால் மந்திரிகள் நிறையப் பேசும் தொடர். மாடு வளர்க்கிற கேம் என்றால் மலையடிவாரத்தில் ஒன்றுமே நடக்காத தொடர். அவர் பொருத்தினால் தப்பாது. வீட்டார் உண்மையைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

எந்த வீட்டாரும் சொல்வதில்லை.

என் அக்கா அபிநயா தக்காளி பயிரிடும் கேம் மட்டும்தான் விளையாடுவாள். பறிக்கக்கூட மாட்டாள். பார்த்துக்கொண்டிருப்பாள். அதை வெளியே சொல்ல அம்மாவுக்குக் கூச்சமாக இருந்தது.

"வாள்சண்டைங்க. ரொம்ப நல்லா வெட்டுவா" என்று தரகரிடம் சொல்லிவிட்டாள்.

வாள்சண்டைத் தொடர் ஒன்று வந்து அக்காவை அழைத்துப் போனது. இப்போது வெள்ளிக்கிழமைகளில் அவளை டிவியில் பார்க்கிறோம். பின்வரிசையில் ஓடிக்கொண்டே இருக்கிறாள். போன மாதத்திலிருந்து அவளுக்கு மூக்கு இல்லை. கூட்டமாகச் சாகிறவர்களுக்கு மூக்கு வரைய மாட்டார்கள் என்று தரகர் சொன்னார்.

"நல்லாத்தான் இருக்கா. எவ்ளோ சுறுசுறுப்பு பாரு" என்பாள் அம்மா.

அடுத்தது நான்.

நான் விளையாடுவது ஒரே வகை. ஆளில்லாத வீடு ஒன்று இருக்கும். அதில் நடக்க வேண்டும். கதவைத் திறந்தால் இன்னோர் அறை. சில அறைகளில் யாரோ இருப்பார்கள். கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்துவிடுவேன். அங்கே யாரும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை.

"பேய் கேம்னு சொல்லித் தொலைக்காதடி லோசினி. குடும்பத்துக்கே கெட்ட பேராயிடும்."

"பின்ன என்னம்மா சொல்றது?"

"கிரிக்கெட்."

"எனக்குக் கிரிக்கெட் தெரியாதும்மா."

"உங்கக்காவுக்கு வெட்டத் தெரியுமா? போனாளா இல்லையா?"

ஞாயிற்றுக்கிழமை மாலை தரகரோடு தொடர் வந்தது. பள்ளிக்கூடக் கிரிக்கெட் ஆட்டக்காரர்களைப் பற்றிய தொடர். ஆள் உயரம் இருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் மைதானம் தெரிந்தது. அதன் அம்மாவாக ஆரம்பப் பாடலும் அப்பாவாக முடிவுப் பாடலும் கூட வந்திருந்தார்கள். ஆரம்பப் பாடல் உட்காரும் முன்பே பேசத் தொடங்கிவிட்டார். முடிவுப் பாடல் ஜன்னல் வழியே ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் தெருவில் ரயில் கிடையாது.

நான் காப்பித் தட்டோடு போனேன். ஹால் நீண்டுவிட்டிருந்தது. போய்ச் சேர்வதற்குள் காப்பியில் ஆடை படிந்துவிட்டது.

"பொண்ணு பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. ஒரு கேட்ச் விட மாட்டா" என்றாள் அம்மா.

"கத்துவாளா?" ஆரம்பப் பாடல் கேட்டார். "எங்க வீட்டுல எல்லாரும் கத்துவோம். பந்தைப் போடறப்போ ஒரு தடவை, போட்டு முடிச்சதும் ஒரு தடவை."

"நல்லாக் கத்துவா."

"எங்க, ஒரு தடவை கத்தட்டும்."

வாயைத் திறந்தேன். காற்று வந்தது.

"தொண்டை கட்டியிருக்கு" என்றாள் அம்மா. பஜ்ஜித் தட்டை அவர்கள் பக்கம் தள்ளினாள்.

"நான் பொண்ணுகிட்டத் தனியாப் பேசணும்" என்றது தொடர்.

பால்கனிக்குப் போனோம். அதன் முகத்தில் ஆட்டக்காரர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் ஒரு பெண் தண்ணீர் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்கியதும் கலைத்தாள். அவளுக்கும் மூக்கு இல்லை. வாயும் இல்லை.

"அவங்க யாரு?"

"எங்க வீட்டுக்கு வந்தவங்கதான். சமையல் கேம் விளையாடுவாங்களாம். அப்போ யாரும் சொல்லல."

உள்ளே அம்மா சிரிக்கும் சத்தம் கேட்டது.

"நீங்க நெஜமாவே என்ன விளையாடுவீங்க?" என்று தொடர் கேட்டது.

அந்தப் பெண் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஆளில்லாத வீட்டுல நடப்பேன்" என்றேன். "எனக்கு அதுதான் புடிக்கும். வேற எதுவும் புடிக்காது."

ஓடியவர்கள் எல்லோரும் நின்றார்கள். தொடர் கைகூப்பியது.

"நல்ல வேளை சொன்னீங்க."

அவர்கள் பஜ்ஜியைத் தொடாமல் எழுந்தார்கள். முடிவுப் பாடல் மட்டும் வாசலில் நின்று அழுதார். அது அவர் வழக்கமாம்.

"சந்தோஷமாடி?" என்றாள் அம்மா. "காலம் பூரா இங்கேயே கெட."

தரகர் போகவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"நெசத்தைச் சொன்ன மொத வீடு இதுதாம்மா. பாப்பா சொல்ற மாதிரி ஒரு தொடர் இருக்கு. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. பாக்கலாமா?"

"எப்படிப்பட்ட குடும்பம்?"

"சத்தமே இருக்காது."

"எப்போ வருவாங்க?"

தரகர் சோபாவைப் பார்த்தார். "வந்து ரொம்ப நேரமாச்சு."

சோபாவில் யாரும் இல்லை. டீப்பாயில் ஒரு டம்ளரில் ஆறிப்போன காப்பியின் மட்டம் மெல்ல இறங்கியது. ஆவியானால் அவ்வளவு வேகமாக இறங்காது.

தரகர் விரல் விட்டு எண்ணினார். நிறுத்தினார். மறுபடி எண்ணினார்.

"பத்துக்குப் பத்துப் பொருத்தம்" என்றார். "ஆறு வந்தாலே பேசி முடிச்சுடுவேன். பத்து நான் பாத்ததில்ல."

"நல்லதுதானே?"

"ஒண்ணு ரெண்டு கொறையணும்மா. அப்பத்தான் எது பொண்ணு, எது தொடர்னு தெரியும்."

ரிமோட்டைக்கூட எடுக்காமல் படியிறங்கிப் போய்விட்டார்.

எனக்குப் பயமாக இல்லை. சோபாவில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் யாரோ கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். யாரும் என் பெயரைக் கேட்கவில்லை. பாடச் சொல்லவில்லை. இவ்வளவு வசதியாக நான் எங்கேயும் உட்கார்ந்ததில்லை. மெத்தை என் எடைக்கு அமுங்காததை அப்புறம்தான் கவனித்தேன்.

"லோசினி" என்று அம்மா கூப்பிட்டாள்.

"இங்கதாம்மா இருக்கேன்."

அம்மா புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள்.

பிறகு தேடத் தொடங்கினாள். சமையலறையைத் தாண்டினால் இன்னொரு சமையலறை இருந்தது. அதைத் தாண்டி எங்களுடையதல்லாத ஒரு நடை. நான் கூடவே போனேன். அவளுக்கு முழங்கால் வலி. குனிந்து தாழ்ப்பாள் நீக்கக் கஷ்டப்படுவாள். அதனால் ஒவ்வொரு கதவையும் அவள் தொடுவதற்கு முன்பே திறந்துவிட்டேன். ஒவ்வொரு கதவு திறந்ததும் அவள் ஓரடி பின்னால் போனாள்.

"கிரிக்கெட் வேண்டாண்டி. ஒண்ணும் வேண்டாம். வந்துடுடி" என்றாள்.

"அம்மா" என்றேன். அவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

கடைசியில் ஏதோ ஓர் அறையில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அம்மா இருட்டில் தனியாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

விளக்கைப் போட்டேன்.

அம்மா அலறினாள்.

அணைத்துவிட்டேன்.