காலுறையோடு கழுவிய பாதம்

ஆல்மெடாவின் உள்ளங்கால்களைத் தினமும் யாராவது பார்க்க வேண்டும். நர்ஸ் இதைச் சொல்லி இரண்டு வருடமாகிறது. சர்க்கரை வியாதி அவள் பார்வையில் பாதியைத் தின்றுவிட்டுக் கால்களுக்கு இறங்கியிருந்தது. ஆணி குத்தினாலும் உறைக்காது. குத்தின இடத்தைக் கண்ணாடி வைத்துப் பார்க்கவும் அவளால் முடியாது. "புண்ணு தெரிஞ்ச அன்னைக்கே என்கிட்ட வரணும். நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டா கால் போயிடும்" என்று நர்ஸ் ஒளிவுமறைவில்லாமல் சொல்லி அனுப்பியிருந்தாள்.

பார்த்துக்கொண்டிருந்தவள் ட்ரீனா. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் ஆல்மெடாவின் வாசலில் காரை நிறுத்துவாள். அவளை நாற்காலியில் உட்கார வைத்து, பாதங்களை ஒவ்வொன்றாகத் தன் மடியில் தூக்கி வைத்து, விரலிடுக்குகளில் டார்ச் அடித்துப் பார்ப்பாள். பத்து நிமிட வேலை. முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

அதை நிறுத்தியவள் லவீனா.

லவீனா, ஆல்மெடாவின் இறந்துபோன அண்ணனின் மனைவி. அறுபத்தெட்டு வயது. ஓடைக்கரைச் சபையில் ஞானஸ்நானம் வாங்கி நாற்பது வருடம் ஆனவள். ட்ரீனாவோ லவீனாவின் மகன் கார்லண்டுக்கு மனைவியாக இருந்தவள். கார்லண்ட் குடித்துவிட்டு வந்து தாடையை உடைத்த பிறகு விவாகரத்து வாங்கிக்கொண்டு, நிலக்கரி லாரி ஓட்டும் வெண்டலைக் கட்டிக்கொண்டாள். முதல் புருஷன் உயிரோடிருக்க இன்னொருவனோடு வாழ்கிறவளுக்கு அந்த மலைப்பகுதிச் சபைகளில் இடம் கிடையாது. சபைப் பதிவேட்டிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். பின் பெஞ்சில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கலாம், அழலாம். திருவிருந்தின் அப்பமும் திராட்சரசமும் கிடையாது. வருடத்துக்கு ஒருமுறை சபையார் ஒருவர் காலை ஒருவர் கழுவிவிடும் பாதம் கழுவுதலிலும் பங்கு கிடையாது.

மே மாதம் முதல் வாரத்தில் லவீனா நாத்தனார் வீட்டுக்கு வந்து பேச்சை ஆரம்பித்தாள்.

"அவ கை உன்மேல படணுமா ஆல்மெடா? சபையில இத்தனை சகோதரிங்க குத்துக்கல்லாட்டம் இருக்கோம்."

"பத்து நிமிஷம் அண்ணி. வர்றா, பாக்கறா, போறா. அதுல என்ன தப்பைக் கண்டீங்க?"

"ஊர் என்ன பேசுது தெரியுமா? மருமகளை விரட்டிட்டு அவ தயவுல நாத்தனார் காலைக் காப்பாத்தறாங்கன்னு பேசுது."

"ஊரு வந்து என் காலைப் பாக்குமா?"

"நாங்க பாக்கறோம். ஏழு நாளைக்கு ஏழு பேர். வந்து ஜெபம் பண்ணுவோம், பாடுவோம். உனக்கும் பேச்சுத்துணை ஆச்சு."

ஆல்மெடா சிரித்தாள். "காலைப் பாக்கச் சொன்னா கூட்டமே நடத்தறேங்கறீங்களே." ஆனால் மறுக்கவில்லை. சாயங்காலங்கள் நீளமானவை. வருகிறவர்கள் நிறையப் பேர் என்றால் யாருக்குத்தான் கசக்கும்.

அன்று ட்ரீனா வந்தபோது லவீனாவே கதவைத் திறந்து, உள்ளே விடாமல் வாசலில் நின்றாள்.

"இனிமே நீ சிரமப்பட வேண்டாம். சபை பாத்துக்கும்."

"சிரமமில்லங்க அத்தை."

"யாருக்கு யாரு அத்தை?"

உடைந்து சேர்ந்த தாடை ட்ரீனாவுக்குக் குளிரில் மட்டுமல்ல, கோபத்திலும் இறுகிக்கொள்ளும். இறுகிய தாடையோடே சொன்னாள்: "இடது கால் சுண்டுவிரலுக்குக் கீழ தோல் தடிச்சுக் காய்ச்சுப்போயிருக்கு. அதுக்கடியில புண்ணு வைக்கும்னு நர்ஸ் சொன்னாங்க. சாக்ஸைக் கழட்டிப் பாருங்க. செவந்திருந்தாலே கூட்டிட்டுப் போயிடுங்க."

"எங்களுக்குத் தெரியாததா?"

ட்ரீனா காரைத் திருப்பிக்கொண்டு போனாள்.

ஏழு பேரும் சொன்னபடி வந்தார்கள். ஒருவரும் நாள் தவறவில்லை. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒருத்தி பீன்ஸ் வேகவைத்து எடுத்து வந்தாள், ஒருத்தி சோளரொட்டி கொண்டுவந்தாள். ஆல்மெடாவின் தலையில் கை வைத்துக் கண்ணீர் விட்டு ஜெபித்தார்கள். பழைய பாட்டுகளை வந்தவள் அடியெடுத்துக் கொடுக்க ஆல்மெடா இழுத்துப் பாடினாள். கிளம்புகிறபோது, "கால் எப்படியிருக்கு?" என்று கேட்டார்கள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள் ஆல்மெடா. வலியே தெரியாத காலை வேறெப்படிச் சொல்வாள்?

லவீனாவின் முறை சனிக்கிழமை. முதல் சனிக்கிழமை அவள் உண்மையிலேயே காலுறையைக் கழற்றக் குனிந்தாள்.

"வேணாம் அண்ணி. நகமெல்லாம் அசிங்கமா வளந்து கெடக்கு. எனக்கே கூச்சமா இருக்கு."

"எனக்கென்ன கூச்சம்?" என்றாள் லவீனா. ஆனால் நிமிர்ந்துவிட்டாள். நிமிர்ந்ததும் நெஞ்சு லேசானதை அவளே கவனித்தாள். அதைப் பற்றி மேற்கொண்டு யோசிக்கவில்லை. ஜெபத்தை வழக்கத்தைவிட நீளமாகச் செய்தாள்.

ஜெபம் அவளுக்குக் கைவந்த கலை. சபையில் அவள் எழுந்து நின்று, "என் இயேசுவை நான் நேசிக்கிறேன், அதைச் சொல்ல இந்த ஒரு நாக்குப் போதல" என்று ஆரம்பித்தால் ஆண்கள் பக்கத்திலிருந்துகூட விம்மல் கேட்கும். மூப்பர் ஹோபர்ட், "சகோதரி லவீனா பேசின பிறகு எனக்குப் பிரசங்கம் எதுக்கு?" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார்.

ஜூன் இரண்டாம் வாரம் ஆல்மெடாவின் வீட்டில் ஒரு வாடை வந்தது. புதன்கிழமைக்காரி பெர்லிதான் முதலில் மூக்கைச் சுளித்தாள்.

"அடுப்புக்குப் பின்னாடி எலி செத்துக் கெடக்கு ஆல்மெடா."

"எனக்கொண்ணும் தெரியல. மூக்குப்பொடி போட்டுப் போட்டு என் மூக்கு மரத்துப்போச்சு."

பெர்லி மண்டியிட்டு அடுப்பை நகர்த்தித் தேடினாள். அடுத்த நாள் வந்தவள் குளிர்ப்பெட்டிக்கு அடியில் தேடினாள். வெள்ளிக்கிழமைக்காரி தரை முழுக்க ப்ளீச் ஊற்றித் துடைத்தாள். எலி கிடைக்கவில்லை. சனிக்கிழமை லவீனா வந்து ஜன்னல்களைத் திறந்துவிட்டு, திறந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபித்தாள். மறுநாள் பாதம் கழுவும் ஞாயிறு என்பதால் சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை, சபையார் எல்லோரும் வீட்டில் தங்கள் கால்களைத் தாங்களே தேய்த்துக் கழுவுவார்கள். நகம் வெட்டுவார்கள், குதிகாலைக் கல்லால் உரசுவார்கள், பெண்கள் புதுக் காலுறை எடுத்து வைப்பார்கள். அழுக்குக் காலை இன்னொருவர் கையில் கொடுப்பது மரியாதையில்லை. வயதான பெண்கள் காலுறையைக் கழற்றவும் தேவையில்லை. அதன்மேலேயே இரண்டு கை தண்ணீர் விட்டுத் துண்டால் ஒற்றிவிடுவது அங்கே பல வருடப் பழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை சபை நிறைந்திருந்தது. ஆண்டவர் சீஷர்களின் கால்களைக் கழுவியதை மூப்பர் ஹோபர்ட் பாட்டும் அழுகையுமாகச் சொல்லி முடித்தார். லவீனா இடுப்பில் நீளமான வெள்ளைத் துண்டைக் கட்டிக்கொண்டு, எனாமல் பாத்திரத்தில் வெதுவெதுப்பான தண்ணீரோடு நேராக ஆல்மெடாவிடம் போனாள். அதைத்தான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். மண்டியிட்டாள். தடித்த பழுப்புக் காலுறை போட்ட இடது பாதத்தைத் தூக்கிக் கையில் ஏந்தினாள்.

எலி எங்கே இருந்தது என்று அந்த நொடியில் தெரிந்துவிட்டது.

பாதம் அடுப்பிலிருந்து எடுத்தது போலச் சுட்டது. சுண்டுவிரலுக்குக் கீழே அவள் கட்டைவிரல் பட்ட இடம் பழுத்த பழம் போல அமுங்கியது. தண்ணீர் விட்டபோது காலுறையின் நூலிழைகளுக்குள்ளிருந்து மஞ்சளும் பழுப்புமாக ஏதோ கசிந்து பாத்திரத்தில் இறங்கியது.

லவீனா நிமிர்ந்து பார்த்தாள். ஆல்மெடா கண்ணை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள், ஆனந்தத்தில். "அண்ணி, அண்ணி" என்று மட்டும் உதடு சொன்னது. சுற்றிலும் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். மூப்பர் கையை உயர்த்தி, "பாருங்க, அன்புன்னா என்னன்னு கேக்கறவன் இங்க வந்து பாக்கட்டும்!" என்று கூவினார்.

இப்போது எழுந்து, கால் அழுகியிருக்கிறது, வண்டி எடுங்கள் என்று சொல்ல வேண்டும். சொன்னால் அடுத்த கேள்வி வரும். ஆறு வாரமாக நீங்கள் ஏழு பேரும் என்ன பார்த்தீர்கள்? பின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ட்ரீனா வாய்விட்டுக் கேட்காவிட்டாலும் அவள் முகம் கேட்கும்.

சாப்பாடு முடியட்டும் என்று லவீனா தனக்குள் சொல்லிக்கொண்டாள். துண்டை அந்தப் பாதத்தின்மேல் இறுக்கிச் சுற்றினாள். பாட்டை ஒரு படி உயர்த்தி எடுத்தாள். சபை முழுக்க அவள் குரலின் பின்னால் எழுந்து வந்தது. பாத்திரத்தை யாரும் பார்க்காமல் தானே வெளியே எடுத்துப்போய்ப் புல்லில் கொட்டினாள்.

மரத்தடியில் மேசைகள் போட்டிருந்தார்கள். பொரித்த கோழியும் வாழைப்பழப் புட்டிங்கும் வந்தபடி இருந்தன. லவீனாவின் கையைப் பிடித்துக் குலுக்க ஆட்கள் வரிசையில் வந்தார்கள். ஒவ்வொருவரும் ஒன்றைச் சொன்னார்கள், ஒவ்வொன்றும் சொல்ல வேண்டியதைக் கொஞ்சம் தள்ளிப்போட்டது. வரிசையின் கடைசியில் ட்ரீனா வந்து நின்றாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அவங்க காலைப் பாத்தீங்களா? நடையே சரியில்ல. முகமெல்லாம் செவந்திருக்கு."

பக்கத்தில் மூப்பரின் மனைவி தட்டோடு நின்றிருந்தாள். பெர்லி நின்றிருந்தாள்.

"இப்பதானே என் கையால கழுவினேன்? நீயும் பாத்துட்டுத்தானே இருந்தே?"

"பாத்தேன். அதான் கேக்கறேன். கால் எப்படியிருக்கு?"

"நல்லா இருக்கு."

ட்ரீனா அவள் முகத்தைப் பார்த்தாள். அங்கே நாற்பது வருடம் சபையில் எழுந்து நின்று பேசிய உறுதி இருந்தது. கழுவிய கையே சொல்கிறது, இனி என்ன கேட்பது.

"அப்ப சரி" என்றாள் ட்ரீனா. "நல்லா இருந்தா சரி." வெண்டல் காரில் காத்திருந்தான். போய்விட்டாள்.

திங்கட்கிழமை கூட்டிப் போகலாம் என்று லவீனா நினைத்தாள். திங்கட்கிழமை மழை கொட்டி ஓடைப் பாலத்தின்மேல் தண்ணீர் போனது. செவ்வாய்க்கிழமை தண்ணீர் வடிந்தது. அன்று முறை வேறொருத்திக்கு, அவள் பார்த்துச் சொல்லட்டும் என்று விட்டாள். புதன்கிழமை பெர்லி போனபோது ஆல்மெடா கட்டிலில் கிடந்து, செத்துப்போன அண்ணனிடம் மாட்டைக் கட்டச் சொல்லிக்கொண்டிருந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. பெர்லி அப்போதுதான் காலுறையை இழுத்தாள். காலுறையோடு தோலும் வந்தது.

ஆம்புலன்ஸ் லெக்சிங்டன் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. அன்றே காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்தார்கள். நான்கு நாள் கழித்து முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். சபை இரண்டு வேளை உபவாசம் இருந்தது.

லவீனா மூன்றாவது வாரம்தான் போனாள். அறைக்குள் ட்ரீனா இருந்தாள். வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். கட்டிலின் கால்மாட்டில் நின்று, மிச்சமிருந்த வலது காலைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆல்மெடா தலையணையில் பாதியாகிக் கிடந்தாள்.

"அண்ணியா? வாங்க. சத்தத்தைக் காணோமே, ஜெபம் பண்ணிட்டே வருவீங்களே."

லவீனா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"ராவும் பகலும் ஒண்ணைத்தான் யோசிக்கிறேன் அண்ணி" என்றாள் ஆல்மெடா. "அன்னைக்கு நீங்க கழுவுனீங்களே. அப்பவே அது கெட்டுப்போயிருக்கணும்னு டாக்டர் சொல்றாரு. அன்னைக்கே வந்திருந்தா பாதத்தோட போயிருக்குமாம். உங்களுக்கு ஒண்ணும் தெரியலையா?"

ட்ரீனாவின் கை நின்றது.

"தெரியல" என்றாள் லவீனா. "காலுறை தடிமனா இருந்துச்சு."

"அதான் நானும் சொன்னேன். தெரிஞ்சிருந்தா அண்ணி சும்மா இருப்பாங்களான்னு கேட்டேன்."

ட்ரீனா குறுக்கிடுவாள் என்று லவீனா காத்திருந்தாள். ட்ரீனா துணியைக் கீழே போட்டாள். இரண்டு கையாலும் கணுக்காலைப் பிடித்துக் காலை உயரத் தூக்கினாள்.

"என் கை ரெண்டும் மாட்டிக்கிச்சு. குனிஞ்சு குதிகாலுக்கு அடியில பாருங்க."

"நானா?"

"நீங்கதான். ரொம்ப நேரம் தாங்க முடியாது, பாருங்க."

லவீனா எழுந்தாள். கட்டிலின் விளிம்பைப் பிடித்துக் குனிந்தாள். நாற்பது வருடத்தில் எத்தனையோ பாதங்களைக் கையில் ஏந்தியிருக்கிறாள். காலுறை இல்லாத ஒன்றை இவ்வளவு கிட்டத்தில் பார்த்த ஞாபகம் இல்லை. தோல் காகிதம் போல வெளுத்து, வெடித்திருந்தது. குதிகாலின் பின்பக்கம், படுக்கையில் அழுந்துகிற இடத்தில், கறுப்பாக ஒன்று. சட்டைப் பொத்தான் அளவுதான். சுற்றிலும் செந்நிற வளையம்.

"என்ன அண்ணி?" என்றாள் ஆல்மெடா. குரல் மெலிந்திருந்தது. "இது ஒண்ணுதான் மிச்சம். நல்லாத்தானே இருக்கு?"

நல்லா இருக்கு என்பது நாக்கின் நுனிவரை வந்து நின்றது. அங்கே அது எப்போதும் தயாராக இருந்தது.

"கறுப்பா ஒண்ணு இருக்கு" என்றாள் லவீனா. "சுத்திச் செவந்திருக்கு."

ஆல்மெடாவின் பார்வை மங்கிய கண்கள் குரல் வந்த திசையில் நிலைத்திருந்தன. முகம் மெல்ல மாறியது.

"இதைக் குனிஞ்ச உடனே பாத்துட்டீங்க" என்றாள். பிறகு, மிக மெதுவாக, "அன்னைக்கும் தெரிஞ்சிருக்கு" என்றாள்.

லவீனாவுக்கு வாய் திறந்தது. நாற்பது வருடமாக ஒருநாளும் வார்த்தைக்குப் பஞ்சம் வராத வாய்.

ட்ரீனா காலைப் பதனமாக இறக்கி, குதிகால் மெத்தையில் படாமல் கணுக்காலுக்கு அடியில் ஒரு தலையணையைச் செருகினாள். சுவரோரம் தொங்கிய மணியை அழுத்தி நர்ஸைக் கூப்பிட்டாள். ஆல்மெடா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அவங்களை வெளிய போகச் சொல்லு ட்ரீனா" என்றாள். "ஜெபம் பண்ணிடப் போறாங்க."