மாமா போட்ட பாஸ்வேர்டு

என் லேப்டாப்புக்கு நான் பாஸ்வேர்டு போட்ட அன்று எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. போடாமல் என்ன செய்வதாம்? சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு ஆஸ்பத்திரி பில்களை வீட்டிலிருந்தே ஏற்றிக் கொடுக்கிறேன். நோயாளிகளின் விவரம் அடுத்தவர் கண்ணில் படக் கூடாது. கொழுந்தன் சிவசங்கர் லேப்டாப்பைத் திறந்து படம் பார்த்து, ஏற்றியதில் பாதியை அழித்து வைத்தான். இன்னொரு முறை நடந்தால் வேலை கிடையாது என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். கல்யாணமாகி வந்த பிறகு எனக்கென்று மிஞ்சியது அந்த வேலை ஒன்றுதான். பூட்டினேன்.

"பீரோ சாவியே எங்கிட்டதான் இருக்குது. இவளுக்கு இன்னா தனிப் பூட்டு?" என்றார் அத்தை லட்சுமியம்மாள்.

"புருசனுக்குத் தெரியாம அதுல இன்னாத்த வெச்சிக்கினு இருக்கிற?" என்றார் என் வீட்டுக்காரர் இளஞ்செழியன்.

கடைசியில் பாஸ்வேர்டு மாமா பூமாலையிடம் இருக்கட்டும் என்று முடிவானது. எனக்குத் தெரியக் கூடாது, வேண்டும்போது அவர் திறந்துவிடுவார். நல்ல தீர்ப்பு! மாமா லேப்டாப்பை மாட்டுக் கொட்டகைக்கு எடுத்துப் போனார். எங்கே அடிப்பது என்று காட்டிவிட்டு நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். துண்டால் மறைத்துக்கொண்டு, ஒற்றை விரலால் அடித்தார்.

"எட்டு... ஆறு... சைபர்... மூணு... ரெண்டு."

சாதாரணமாக அவர் பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது. அன்று மாடே திரும்பிப் பார்த்தது.

ஊருக்கு வெளியே எங்கள் கொல்லையில் நிற்கிற கரும்பு ரகத்தின் நம்பர் அது. ஆக, முதல் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் நானாகத் திறக்கவில்லை. திறந்தால் வேறு பூட்டு வந்துவிடும். கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் லேப்டாப் பூட்டிக்கொள்ளும். அடுப்பில் குழம்பைக் கிளறிவிட்டு வருவதற்குள் பூட்டியிருக்கும். அதை மார்போடு அணைத்துக்கொண்டு கரும்புக் கொல்லைக்கு நடப்பேன். மாமா வாய்க்காலில் கை கழுவித் துடைத்துக்கொண்டு, "திரும்பிக்கினியாம்மா?" என்பார். நான் மலைப் பக்கம் திரும்பிக்கொள்வேன். அவர் சத்தமாகச் சொல்லிச் சொல்லி அடிப்பார். முதலில் கோபம் பொங்கியது. பிறகு அதுவும் வற்றிப்போய், கால்கள் மட்டும் நடந்தன.

ஆடியில் மாமா கொல்லையிலேயே விழுந்தார். மாரடைப்பு. எங்கள் ஊர் கச்சிராயபாளையமே வந்து அழுதது. எனக்கு அழுகை வரவில்லை. காபி போட்டேன், நாற்காலி எடுத்துப் போட்டேன். "கல்லு மாதிரி நிக்கிறா பாரு" என்று உறவுக்காரிகள் முணுமுணுத்தது காதில் விழுந்தது. உண்மைதான், உள்ளே ஒன்றுமே இல்லை.

கருமாதி முடிந்ததும் கம்பெனியிலிருந்து போன். சாயங்காலத்துக்குள் பில்கள் வராவிட்டால் வேலை வேறொருவருக்கு. வீட்டுக்காரர் தன் பெயரை அடித்துப் பார்த்தார், அம்மா பெயரை, காளையின் பெயரை. எதற்கும் திறக்கவில்லை. "கடையில குடுத்தா உள்ள இருக்கிறத அழிச்சிட்டுத்தான் தருவாங்களாம்" என்றார். நான் லேப்டாப்பை இழுத்து அடித்தேன். திறந்துகொண்டது.

"எப்பத்துலேர்ந்து தெரியும்?"

"மொத நாள்லேர்ந்து."

"இன்னா நம்பரு அது?"

"நம்ம கொல்லையில நிக்கிற கரும்பு நம்பருதாங்க."

அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. "அப்ப இத்தினி நாளா எங்கப்பன ஏமாத்திக்கினு இருந்திருக்கிற!"

பில்களை ஏற்றி அனுப்பி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். முடிந்ததும் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இனிமே நான் போடுறேன். திரும்பு."

பழக்கம், திரும்பினேன். சுவரில் மாலை போட்ட மாமா படம். பின்னால் எழுத்துகள் படபடவென்று விழுந்தன. காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். வீட்டுக்காரர் வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

மாமா யாரிடமும் ஏமாறவில்லை. எனக்குக் கேட்கட்டும் என்றுதான் அத்தனை சத்தமாகச் சொல்லியிருக்கிறார். ஐயோ மாமா! கண்ணில் பொலபொலவென்று கொட்டியது. நிறுத்த முடியவில்லை.

அத்தை எட்டிப் பார்த்தார். "செத்த மனுசனுக்கு ஒரு சொட்டு வுடல. லேப்டாப்பு பொட்டிக்கு அழுவுறா பாரு."